ஐந்து பேர் முன்னால் பேச வேண்டிய பாடம்

டுலேர், ஜூன் 9, திங்கள்

அன்பு மகன் டுவார்ட்டேவுக்கு அம்மா எழுதுவது. சனிக்கிழமை தபால் வந்தபோது சமையலறை மேசையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் ஆண்டவர் தயவில் சுகம் என்பதும் அதிலேயே வந்துவிடும்: நான், கறவை முடித்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்த உன் அப்பா, உன் தங்கை லிடியா, காப்பிக்கு வந்த உன் ஞானத்தந்தை செராஃபிம். வேறு யாரும் இல்லை. அலாஸ்கா குளிரில் மீன் வெட்டி நிற்கும் நீயும் அப்படியே சுகமாக இருக்க தேவமாதாவை மன்றாடுகிறேன். தூய ஆவி திருவிழா நேற்று நல்லபடியாக முடிந்தது. வருஷா வருஷம் வீடு மாறி வரும் தூய ஆவியின் கிரீடம் போன வாரம் முழுவதும் நம் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது, தினமும் சாயங்காலம் ஜெபமாலைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், திருவிழா விருந்துச் சூப்புக்கு இறைச்சி போதுமா என்று பயந்தேன், போதுமானதற்கு மேலேயே மிஞ்சியது. ஐந்து மணிக்கே வெயில் ஏறிவிடுகிறது, கன்றுகளுக்கு நிழல்வலை இன்னொன்று கட்டியாயிற்று. நீ விட்டுப்போன அந்த ஒற்றைக்கண் கிடாரி இப்போது என் கையிலும் தின்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து எது வந்தாலும் பிரித்துப் படியுங்கள் என்று நீ சொல்லிவிட்டுப் போனதால் பிரித்தோம், லிடியா சத்தமாகப் படித்தாள். கால்நடைப் பிரிவில் உனக்குக் கொடுத்த இடம் அப்படியே இருக்கிறதாம், ஆனால் சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட்டு வரவேண்டிய பொதுப்பாடங்களில் ஒன்று குறைகிறதாம், அது மேடைப் பேச்சு. ஆகஸ்டில் வகுப்பு தொடங்குவதற்குள் அதை முடித்ததாகக் கல்லூரி சான்று அனுப்பாவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். லிடியா இரண்டு தடவை படித்தாள்.  பிறகு உன் அப்பா, கன்னுக்குட்டிகிட்ட மணிக்கணக்கா பேசுறவனுக்குப் பேச்சுப் பாடமா, மாட்டையெல்லாம் ஓட்டிட்டுப் போய் சாட்சி சொல்ல வைக்கிறேன்னு எழுதிப் போடு என்றார். செராஃபிம், அடெலினோ, நீ பேசுறதுக்கு யாராவது மார்க் போட்டிருந்தா நீ மூணாங்கிளாசே தாண்டியிருக்க மாட்டே என்றார். நான் எங்கடா தாண்டினேன் என்று உன் அப்பா சொல்ல, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் அவர் அந்தக் காகிதத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், படிக்கவில்லை, வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இன்று காலை லிடியாவைக் கூட்டிக்கொண்டு உன் கல்லூரிக்குப் போனேன். ஆலோசகர் திருமதி கஸ்பாரியன் நல்ல பெண்மணி, ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்றார். இருபது வயசுப் பையன் விஷயத்தை அவன் அனுமதி இல்லாம பெத்த தாய்கிட்டகூடப் பேசக்கூடாதும்மா, சட்டம் அப்படி என்றார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருக்கும் சாமியாரிடம்கூட இவ்வளவு கண்டிப்பைப் பார்த்ததில்லை. எழுந்து வரலாம் என்று பையை எடுத்தேன், அதற்குள் உன் தங்கை, சரி மேடம், ஒரு பையன் இருக்கான்னு வெச்சுக்குங்க என்றாள். எந்தப் பையன் என்று அவர் கேட்க, பேர் இல்லாத பையன், மாட்டுப் பண்ணைப் பையன், பேச்சு வகுப்புன்னா மட்டும் பயப்படுவான், மத்ததெல்லாம் படிச்சிட்டான் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சரி, வெச்சுக்கிட்டேன், சொல்லு என்றார். அதன் பிறகு முக்கால் மணி நேரம் அந்தப் பேர் இல்லாத பையனைப் பற்றித்தான் பேசினோம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். இரண்டு வகைப் பல்கலைக்கழகம், அதற்கு இரண்டு பொதுப்பாடப் பட்டியல். உன் பெரியப்பா மகன் நோர்பெர்ட்டோ போனது ஒரு வகை, அந்தப் பட்டியலில் மேடைப் பேச்சு கட்டாயமில்லாமல் இருந்தது. நீ கேட்டிருக்கும் இடம் மற்ற வகை, அங்கே எழுத்து, கணக்கு, தர்க்கம், பேச்சு இந்த நான்கையும் முடிக்காமல் வாசலிலேயே விடமாட்டார்கள், உள்ளே போய்ப் படித்துக்கொள்கிறேன் என்றால் நடக்காது. அந்தப் பையன் வேற வீட்டுச் சாவியை வெச்சிக்கிட்டு இந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கான், வருஷா வருஷம் பத்துப் பேராவது இப்படி வருவாங்க என்றார். நோர்பெர்ட்டோ கொடுத்த பழைய பட்டியலை நீ பார்த்து நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் மகனே, நட்சத்திரங்களைப் பற்றிக்கூட ஒரு பாடம் எடுத்து முதல் தரம் வாங்கினவன் நீ, உனக்குப் பட்டியல் படிக்கத் தெரியாமல் போனது என்று நான் நம்பவில்லை. தெரிந்துதான் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டாய். போன கடிதத்தில், முதலாளி இலையுதிர்காலத்துக்கும் இருக்கச் சொல்கிறார், படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனால் என்ன என்று நீ எழுதியிருந்ததை நேற்று ராத்திரி ஜெபம் முடிந்து மறுபடி எடுத்துப் படித்தேன். எனக்குக் கோபம் இல்லை. ஐந்தாம் வகுப்பில் உன் பேரைச் சொல்லச் சொல்லி உன்னை நிற்க வைத்து, நீ டு டு என்று நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள் என்று பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி நேராகக் கொட்டிலுக்குப் போன பிள்ளை நீ. ஆனால் ஒரு வருஷம் என்று தள்ளினால் அது ஒரு வருஷத்தோடு நிற்காது. அந்த இடம் போகும், அதற்காக நீ முடித்த மற்ற பாடங்களும் பெட்டிக்குள் போகும், இருபது வயதில் மீன் வெட்டுவது வேறு, முப்பதில் வெட்டுவது வேறு.

திக்குகிற பையனுக்கு இந்தப் பாடத்தைத் தள்ளுபடி செய்யமாட்டார்களா என்று கேட்டேன். மாட்டாங்க என்றார், காது கேக்காத ஒரு பொண்ணு கையாலயே பேசி இதை முடிச்சிட்டுப் போனா என்றார். ஆனால் உதவி அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டால் பேசுவதற்கு நேரம் கூட்டித் தருவார்கள், தடங்கி நின்றதற்கு மார்க்கைக் குறைக்கமாட்டார்கள். அந்த அலுவலகத்துக்குப் போகமாட்டேன் என்று நீ முன்பு சொன்னாய். கண்ணாடி போடுகிறவன் கண் மருத்துவரிடம் போகிறான், இதிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எழுதிப் போடு.

இன்னொன்று சொன்னார், அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. ஜூலை ஏழாம் தேதி தொடங்கும் கோடை வகுப்பு ஒன்று இருக்கிறது, கணினி வழியாகவே நடக்கிறது, ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும், சான்றும் நேரத்துக்குப் போய்விடும். நான்கு பேச்சு. இருக்கிற இடத்திலேயே நின்று பேசி வீடியோ எடுத்து அனுப்பலாம், ஆனால் ஆளில்லாமல் சுவரைப் பார்த்துப் பேசக்கூடாது, வயது வந்த ஐந்து பேராவது எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், பேச்சைத் தொடங்கும்முன் அவர்கள் முகத்தை ஒரு சுற்றுக் காட்ட வேண்டும். மீன் காலம் ஜூலைக் கடைசியில் முடிகிறது என்றாயே, அப்படியென்றால் முதல் இரண்டு பேச்சு அங்கே, மற்ற இரண்டு இங்கே. அங்கே உன்னோடு தங்குகிற ஐந்து பேரைக் கேட்டுப் பார், உனக்கு ரொட்டி ஓரத்தை எடுத்து வைக்கிற அந்தச் சமையல்காரரைக் கட்டாயம் கேள். இங்கே யார் யார் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். நான், உன் அப்பா, செராஃபிம், பாதாம் தோட்டத்து குர்மீத் அம்மா, கறவைக்கு வரும் யூசேபியோ. லிடியாவுக்குப் பதினெட்டு ஆக இன்னும் நாள் இருப்பதால் அவள் கணக்கில் வரமாட்டாள். யோசனை சொன்னதே நான், என்னையே வெளிய நிறுத்துறீங்களா என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள், வீடியோ எடுக்கிற வேலையைக் கொடுத்துச் சமாதானம் செய்திருக்கிறேன். குர்மீத் அம்மாவிடம் வேலிப் பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னேன், பையன் பேசுறதைக் கேக்க வர்றதுக்கு என்னக்கா, வரும்போது பால்கோவா கொண்டு வரட்டுமா என்று அதை மட்டும்தான் கேட்டார். செராஃபிம் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார் என்று உனக்கே தெரியும், கேட்பவர்கள் கண் கடைசி வரை திறந்திருக்க வேண்டுமா என்று உன் ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்.

உன் அப்பா முதலில், இப்பவே கிளம்பி வரச் சொல்லு என்று குதித்தார். ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டு வரக்கூடாது, தேவையும் இல்லை என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார். மத்தியானம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, அந்த வீடியோவுல என் மூஞ்சியும் வருமா என்றார். வரும் என்றேன். அப்ப நல்ல சட்டை ஒண்ணு தேய்ச்சு வை என்றார். 

போன வருஷம் நோர்பெர்ட்டோ வீட்டில் கிரீடம் இருந்தபோது ஒருநாள் நீதான் முன்னால் முழங்காலில் நின்று ஜெபமாலையை நடத்தினாய், எல்லோரும் கூடச் சேர்ந்து சொல்லும்போது உன் நாக்கு ஒரு இடத்திலும் நிற்கவில்லை, அறுபது பேர் கேட்டோம். இந்தப் பாடத்தில் அப்படிக் கூடச் சொல்ல ஆள் கிடையாது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மட்டும்தான் முடியும். ஆனால் உட்கார்ந்திருப்போம். நீ ஒரு வார்த்தையில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒருவரும் அதை உனக்காக எடுத்துச் சொல்லிவிடமாட்டோம், உன் அப்பா உட்பட, அவரிடம் வாக்கு வாங்கிவிட்டேன். எதைப் பற்றிப் பேசுவது என்று தலையை உடைத்துக்கொள்ளாதே, கன்று கால் மடங்கி வந்தால் எப்படித் திருப்பி எடுப்பது என்று சொல், அந்தக் கிடாரியை எடுத்ததே நீதானே.

வகுப்பில் பேர் பதிவது உன் கையில்தான் இருக்கிறது. உன் கடவுச்சொல் லிடியாவுக்குத் தெரியுமாம், நானே போட்டுடட்டுமா என்று கேட்டாள், தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்று முடிவு செய்தால் அதையும் நீயேதான் சொல்லவேண்டும். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் இடம் இருக்காது என்று திருமதி கஸ்பாரியன் சொன்னார். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இதோடு தனிப் பொட்டலமாக வருகிறது, ஈரக் காலோடு தூங்காதே, ஞாயிற்றுக்கிழமை பூசை இல்லாவிட்டாலும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியாவது சொல். தூய ஆவி உன் நாவிலும் உன் கைகளிலும் தங்கியிருக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்கிறார்.

நீ போனில் பேசமாட்டாய் என்றுதான் இதை எழுதினேன். லிடியாவின் போனுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பி முடித்துவிடாதே, உன் கையால் ஒரு வரி எழுது.

என்றும் உனக்காக மன்றாடும் அம்மா,
பிலோமினா

சரி என்றாலும் இல்லை என்றாலும் சீக்கிரம் பதில் போடு.