மறுபேச்சு இல்லாமல் விலையைக் குறைத்தவன்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் புது வீட்டில் சௌக்கியமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், எதற்குச் சரி சொன்னாய் என்று உனக்கே தெரியாது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். போன வாரம் பேச்சோடு பேச்சாக, முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் பழைய ஃபிரிட்ஜ் பார்த்திருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் உனக்கென்று எடுத்து வைப்பான் என்றும் சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். என் கடிதம் வரும்வரை ஒரு பைசா அனுப்பாதே என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். காரணம் சொல்ல முடியவில்லை, அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் லாட்ஜுக்குத் துணி கொடுக்கப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நம் சலவைக் கடையின் பெரிய மெஷின் போன மாதம் ஒரு நாள் காலையில் கம்பளி துவைத்துக்கொண்டிருக்கும்போதே கல் உடைக்கிற மாதிரி சத்தம் போட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பேரிங் போய்விட்டது, டிரம்மும் விரிசல் விட்டிருக்கிறது, இனிமேல் இதைத் தொந்தரவு பண்ணாதீங்க என்று டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நேரம் பார்த்துக் காலை வாரியது அது. ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற லாட்ஜின் பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் முதல் தேதியிலிருந்து நமக்கு என்று மேனேஜர் பேசி முடித்திருந்தார், ஒரு நாள் தவறினாலும் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று முகத்துக்கு நேராகவும் சொல்லியிருந்தார். அந்த வேலை வந்தால் கடை ஓடும், இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான், அந்த நிலைமையில் இருந்தோம். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாய். புது மெஷின் விலையைக் கேட்டு அப்பா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சரி, பழையதாவது வாங்கலாம் என்று போனில் தேடினார். பளபளவென்று ஒரு படம், நம்முடையதைவிடப் பெரிய மெஷின், விலை பாதிக்கும் கீழே. இவர் இருக்கிறதா என்று கேட்டதுதான் தாமதம், "இருக்குப்பா, உங்களுக்குத்தாம்பா" என்று பதில் வந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே அப்பாவாகிவிட்டார் பார். விற்கிறவன் தொழிலை மூடிவிட்டு வெளியூர் போகிறானாம், மெஷின் நல்ல கையில் போய்ச் சேர வேண்டுமாம், உங்க படத்தைப் பார்த்தா எங்கப்பா ஞாபகம் வருது என்றானாம். அப்புறம் காலையில் "எழுந்துட்டீங்களாப்பா", மதியம் "சாப்பிட்டீங்களாப்பா" என்று ஒரே விசாரிப்பு. உன் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வராத மனுஷன், அவன் கேட்கிறான் என்பதற்காகவே அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஆச்சு என்று பதில் போடுவார், பொய் சொல்லக் கூடாதாம். எப்படியோ நேரத்துக்குச் சாப்பிடுகிறாரே என்று நானும் சும்மா இருந்தேன். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். இன்னும் ரெண்டு பேர் கேட்கிறார்கள், பாதிப் பணம் இன்றைக்கே வந்தால் உங்களுக்கு, விளம்பரம் போட்ட இடத்தின் வழியாகக் கட்ட வேண்டாம், கமிஷன் பிடிப்பார்கள், என் நண்பன் கணக்குக்கு நேராகப் போட்டுவிடுங்கள் என்றான். அடையாள அட்டையைக்கூடப் படம் எடுத்து அனுப்பியிருந்தான், அது யாருடைய அட்டையோ யார் கண்டது. நல்லவேளை, கடைப் பணத்தை எடுக்க என் போனில் என் விரல் ரேகை வேண்டும்.

விலை பேசாமல் நான் ஒரு ஊசிகூட வாங்கினதில்லை. உனக்கு ஸ்கூல் பை வாங்கப் போய், "ஆளை விடுங்கம்மா" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாரே, நீ வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றாயே. அந்தப் பழக்கத்தில் போனைப் பிடுங்கி, அவர் வீட்டுக்காரி பேசுகிறேன் என்று நானே எழுதினேன். கால்வாசி குறை என்றேன். சரிம்மா என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குழாயும் ஸ்டாண்டும் சேர்த்துக் கொடு என்றேன், சரிம்மா. வண்டி வாடகை உன்னுடையது என்றேன், அதற்கும் சரிம்மா. வீம்புக்கு, படத்தில் பக்கத்தில் நிற்கிற டிரையரையும் சும்மா கொடுத்துவிடு என்றேன். அதற்கும் சரிம்மா! உன்னையே மிஞ்சிவிட்டான். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அத்தனை கனமான மெஷினை முதுகு ஒடிய ஒரு தடவையாவது நகர்த்தியிருந்தால், விலையைக் குறைக்கும்போது எங்கேயாவது வலிக்க வேண்டாமா? இவனுக்கு வலிக்கவே இல்லையே, அப்படியென்றால் இவனிடம் மெஷினே இல்லை என்றுதானே அர்த்தம்? அப்பாவிடம் சொன்னால் எரிந்து விழுந்தார். "குறைக்கலன்னாலும் திட்டுற, குறைச்சாலும் திட்டுற, அந்தப் பையன் மனசு நோகாதா" என்று அவனுக்கு வக்காலத்து. சரி, நேரில் வருகிறோம், எங்கள் கம்பளியையே போட்டுத் துவைத்துப் பார்த்து, வண்டியில் ஏற்றினதும் அங்கேயே முழுப் பணமும் தருகிறோம் என்று எழுதினேன். ஊரில் இல்லையாம். அப்படியானால் அங்கே இருக்கிற யாரையாவது விட்டு, மெஷின் கைப்பிடியில் ஒரு துண்டை முடிச்சுப் போட்டு இப்போதே படம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். ஒரு துண்டு கட்ட எவ்வளவு நேரமாகும்? முதலில் என்னை நம்பலையாம்மா என்று அழுகை, பிறகு "அம்மா" என்கிற வார்த்தை காணாமல் போனது, பிறகு மரியாதை போனது, கடைசியில் எழுதக் கூசுகிற ஒரு வார்த்தையை எழுதிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். அந்த விளம்பரத் தளத்துக்குப் புகார் எழுதிப் போட்டேன்.

அடுத்த வாரமே வேறொரு மெஷின் கிடைத்தது. பெண்கள் விடுதி ஒன்றை மூடுகிற ஒரு அம்மாவுடையது. கால்வாசி குறைங்க என்றதும் அந்த அம்மா பிடித்தார் பார் சண்டை! "அந்த விலைக்கு உங்களுக்குக் கொடுக்கிறதுக்குப் பதிலா அதுல நான் பூச்செடி வச்சுக்குவேன்" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது, எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, இந்த அம்மாகிட்ட நிஜமாவே மெஷின் இருக்குங்க என்று கத்தினேன். மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் போனோம். கம்பளியைப் போட்டுவிட்டு, சுற்றி முடியும்வரை மூன்று பேரும் ஸ்டூலைப் போட்டு சினிமா பார்க்கிற மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா டீ கொடுத்தார், கொடுத்துக்கொண்டே என்னைத் திட்டினார். கடைசியில் ஏதோ போனால் போகிறது என்று கொஞ்சம் குறைத்தார், அதிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அவர் வாங்கினபோது கடையில் கொடுத்த ரசீதில் இருந்த நம்பரும் மெஷின் முதுகில் இருந்த நம்பரும் ஒன்றா என்று மெக்கானிக் பார்த்தார். வண்டியில் ஏற்றின பிறகு, முதலில் கொஞ்சூண்டு பணம் அனுப்பி, திரையில் வருவது அவர் பெயர்தானா, அவர் போனில் வந்து சேர்ந்ததா என்று பார்த்து, அப்புறம்தான் மீதியை அனுப்பினேன். முதல் தேதி லாட்ஜ் மூட்டை வந்து இறங்கியது, மெஷின் சும்மா ஜம்மென்று சுற்றுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், அந்த ஃபிரிட்ஜை வீட்டிலிருந்தபடி வாங்காதே. பகலில், கூட ஒரு தோழியையும் அழைத்துக்கொண்டு போ. பிளக்கில் மாட்டச் சொல்லி உள்ளே கையை வைத்துப் பார், குளிர்கிறதா என்று உன் கை சொல்லட்டும், அப்புறம் கொடு பணத்தை. நேரில் போக முடியாத தூரம் என்றால், பொருள் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற தளமாகப் பார்த்து அதன் வழியாகவே கட்டு, வெளியே வா என்று கூப்பிட்டால் போகாதே. உனக்குப் பணம் அனுப்புகிறேன், உன் ரகசிய எண்ணைப் போடு என்று எவனாவது சொன்னால் உடனே போனை வை, பணம் வாங்குவதற்கு எதற்கடி ரகசிய எண்? வெட்கப்படாமல் விலை பேசு. திட்டினால் நல்ல சகுனம், எல்லாவற்றுக்கும் சரி சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிடு.

இன்னொன்று. நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த ஆள் ஓடிப்போன மறுநாள் மதியம் அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறிப்போகிறது என்றேன். "திருட்டுப் பயதான், ஆனா தினமும் கேட்டான்ல" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஆனாலும் குழம்பை மறுபடி சூடு பண்ணி எடுத்து வந்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை குட்டி, உன் வேலை நெருக்கடி எனக்குத் தெரியாதா.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார். நீ நோய் நொடி இல்லாமல் சந்தோஷமாக இருக்க வேண்டும், உன் வீட்டு ஃபிரிட்ஜ் என்றைக்கும் நிறைந்திருக்க வேண்டும். நாளைக்கு மதியம் அப்பாவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டீங்களாப்பா என்று ஒரு வார்த்தை கேள், நான் சொல்லித்தான் கேட்கிறாய் என்று காட்டிக்கொள்ளாதே. ஆச்சு ஆச்சு, நீ வேலையைப் பாரு என்று வள்ளென்று வைத்துவிடுவார். சாப்பிட்டிருக்க மாட்டார். வைத்த கையோடு, தட்டைப் போடு சீக்கிரம் என்று உள்ளே ஓடி வருவார்.

இப்படிக்கு,
தட்டோடு தயாராக நிற்கும்
உன் அம்மா