கைநாட்டுக்கு ஒரு சாட்சி

கண்மாய் நிரம்பி இரண்டு முறை மறுகால் வழியாக வழிந்த வருஷம், ஐப்பசி. எனக்கு எழுத வராது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

தாய் தகப்பன் இல்லாத என் பேத்திக்கு, பிளஸ் ஒன் படிக்கும்போதே ராஜபாளையம் கல்லூரியில் சனிக்கிழமைப் பாடம் படிக்க ஆசை. தேறினால் அது பின்னால் கல்லூரிப் படிப்பில் கிரெடிட்டாகச் சேருமாம். இன்று அவளோடு கல்லூரி ஆபீசுக்குப் போய் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தேன்.

"கைநாட்டுன்னா சொந்தத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும் தாத்தா. நாளைக்குக் கடைசி நாள்" என்றார் கிளார்க்.

"எழுதத் தெரிஞ்சவுக எல்லாரும் போய்ச் சேந்துட்டாக சார்."

"ஊரே நம்ம சொந்தம்னு சொல்வீகளே தாத்தா" என்றாள் பேத்தி. பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை விண்ணப்பத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள்.

பொய் சொல்லிவிட்டேன். ஒருவன் இருக்கிறான். என் மகன் சாவுக்கு வராதவன். அன்றிலிருந்து அவன் வாசலை நான் மிதிக்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் சோழபுரம் போக வேண்டும். என் தம்பி குருசாமி.