பிரெஞ்சுச் சீட்டும் என் இடது காலும்

விழுப்புரம், 15-6-1959

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வீட்டிலிருந்து நானூறு தப்படிதான். இன்று மூன்று இடத்தில் நின்றேன். இடது கால் எரிகிறது. முழங்காலைச் சுற்றி யாரோ ஈரக் கயிற்றால் இறுக்குவதுபோல இருக்கிறது. தலைமையாசிரியர் கூப்பிட்டார். "ராஜாமணி சார், நடந்து வர முடிஞ்சா வாங்க. முடியலன்னா லீவு எழுதிக் குடுத்துடுங்க." லீவு என்றால் நிரந்தர லீவுதான், தெரியாதா எனக்கு?

20-6-1959

கிருஷ்ணவேணி ஒரு கைத்தடி வாங்கி வந்தாள். எனக்கு வயது முப்பத்தெட்டு. மனைவி வாங்கித் தரும் சாமானா இது? கதவுக்குப் பின்னால் போட்டேன்.

5-7-1959

நேற்று நடந்த கூத்தை எழுதியே ஆகவேண்டும்.

புதுச்சேரி டாக்டர் பார்த்தார். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், நரம்பு வியாதி, முழுக்கத் தீராது என்றார். "வலிக்குதுன்னு உக்காந்தே இருந்தீங்கன்னா கால் வெறச்சிக்கும். தடி வெச்சிக்கினு நடங்க." ஒரு சீட்டும் கொடுத்தார். முழுக்க பிரெஞ்சு. பயமாக இருந்தது — இந்த டைரியில்கூடப் பொய் எழுதுவானேன்?

திரும்பும்போது வளவனூரில் மதுவிலக்கு போலீஸ் ரயிலில் ஏறியது. புதுச்சேரியில் குடித்துவிட்டு வருகிறவர்களைப் பிடிக்கிற இடம் அது. தண்ணீர் குடிக்க எழுந்து தள்ளாடினேன். தாண்டவராயன் என்கிற கான்ஸ்டபிள் இறக்கிவிட்டான்.

"இன்னா சார், எவ்ளோ ஊத்திக்கினு வர்றே?"

"கால் வலிங்க."

"எல்லாருக்கும் காலுலதான்யா மொதல்ல ஏறுது."

பிளாட்பாரத்தில் சுண்ணாம்புக்கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னான். நான் கோட்டின் இரண்டு பக்கமும் நடந்தேன், கோட்டில் மட்டும் நடக்கவில்லை. வாயை ஊதச் சொன்னான். ரயிலில் கொறித்த மல்லாட்டைக் கடலை வாசனைதான் வந்தது. டாக்டர் சீட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிரெஞ்சுல பில்லு! இன்னின்னது குடிச்சான்னு வரிசையா எழுதிக் குடுத்துக்கிறான் பாரு!"

பெண்கள் பெட்டியிலிருந்து லூர்துமேரி என்ற புதுச்சேரி ஆஸ்பத்திரி நர்சம்மா இறங்கி வந்து சீட்டை வாங்கினார். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி தமிழில் படித்தார்: "நரம்பு வியாதி. கால் வலி. தள்ளாட்டம். மலச்சிக்கல். நோயாளி குடிக்காதவர். பிடிவாதக்காரர். தடி அவசியம்."

நாலாவதைக் கொஞ்சம் மெதுவாகப் படித்திருக்கலாம்.

தாண்டவராயன் தொப்பியைக் கழற்றிவிட்டான். "தடி எங்க சார்?"

"கதவுக்குப் பின்னால்."

"அது கையில இருந்தா நான் ஏன் சார் ஒங்களப் புடிக்கிறேன்?"



6-7-1959

தடியை எடுத்தேன். கிருஷ்ணவேணி அதை வாங்கி, முந்தானையால் தூசி துடைத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

2-8-1959

நேற்று மறுபடி புதுச்சேரி. வரும்போது வலி தாங்கவில்லை. தடி இருந்தும் விழுப்புரத்தில் இறங்க முடியவில்லை. ரயிலில் டியூட்டியிலிருந்த தாண்டவராயன் தோள் கொடுத்தார். இரண்டு பேரும் கோணல்மாணலாக வெளியே வந்தோம். ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: "பாத்தியாடா, இப்ப போலீசும் சேந்து ஊத்திக்கினு வருது!"

தாண்டவராயன் அங்கேயே வாயை ஊதிக் காட்டினார்.

3-8-1959

பள்ளிக்கூடத்துக்கு அரைமணி முன்னாலேயே கிளம்பினேன். நானூறு தப்படி. ஏழு இடத்தில் நின்றேன். முதல் மணி அடித்தபோது கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.