கறுப்பு வெள்ளையில் அம்மா

அம்மாவுக்கு,

பெய்ஜிங்கிலிருந்து யுன்ஷெங் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் புகைப்படக் கண்காட்சி தொடங்கிவிட்டது. வசந்த விழாவுக்கு, புத்தாண்டுக்கு ஊருக்கு வந்தபோது உங்களை எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கறுப்புச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். பத்திரிகைக்காரர்கள் உங்கள் பார்வையைப் புகழ்ந்து தள்ளினார்கள். நேற்று நம் ஊர் பெய் மாமா இங்கே நடத்தும் நூடுல்ஸ் கடையை மூடிவிட்டு வந்தார். படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, இறந்தவர் படத்துக்கு முன் செய்வதுபோல் மூன்று முறை குனிந்து வணங்கினார்.

"அக்கா எப்படா போனாங்க? ஒரு வார்த்தை சொல்லலியே."

"மாமா, அம்மா உயிரோடதான் இருக்காங்க. இது கண்காட்சி."

என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "அறிவு கெட்டவனே, உயிரோட இருக்கறவங்கள இப்படியா மாட்டுவ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும்தான். மாமா மட்டும் மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஆனா அக்கா அதுக்குன்னேதான்டா உக்காந்திருக்காங்க."

படம் எடுத்த அன்று நீங்களே புதுக் கறுப்புச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தானை மாட்டிக்கொண்டு, "ஒண்ணு நல்லா எடுத்து வச்சுக்கோ" என்றீர்கள். அப்போது எனக்குப் புரியவில்லை.

படத்தை இறக்கிவிட்டேன். மிளகாய்ப் பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் இடித்து வையுங்கள். அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டாம், நேரில் சொல்லுங்கள். சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். கேமராவை எடுத்துவரவில்லை.

உங்கள் மகன்,
யுன்ஷெங்