நீ ஏற்றிய இரண்டாவது மெழுகுவர்த்தி

உன் மகள் போன வாரம் வந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாளாம். கழுத்தில் அடையாள அட்டைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்திப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். பாதி தீர்ந்த பொட்டலம். உன் பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில் இருந்ததாம். புடவைகளோடு கிடந்து கிடந்து மெழுகில் அந்துருண்டை வாசனை ஏறியிருந்தது. விசேஷத்துக்கு நீ உடுத்திவரும் புடவையிலும் இதே வாசனைதான் வரும். 

“எங்க வீட்ல யாரு ஆன்ட்டி மெழுகுவர்த்தி யூஸ் பண்றாங்க? இன்வெர்ட்டர் போட்டு எவ்ளோ வருஷம் ஆவுது. அம்மா எதுக்கு இத ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தாங்க?” என்று கேட்டாள்.

எதற்கென்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லலாமா என்பதுதான் தெரியவில்லை. கல்லறைத் திருநாளன்று என் குழந்தையின் கல்லறைக்கு வரும்போது நீ கொண்டுவருவது என்று பாதியை மட்டும் சொன்னேன். “அப்ப இந்த வருஷம் நான் வரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம். நீ போய் இன்னும் வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் உன்னைக் கேட்க வேண்டியது எவ்வளவோ சேர்ந்துவிட்டது.

அந்த நர்சிங் ஹோமில் நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தோம். தாமல் கிராமத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற நான். தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்து, திருநீறு இல்லாமல் டியூட்டிக்கு வராத நீ. பிரசவ வார்டில் எல்லா வேலையும் நமக்குப் பொது, ஒன்றைத் தவிர. கருவைக் கலைக்க வருகிறவர்கள் என்றால் நான் உள்ளே வரமாட்டேன் என்று டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளித்தார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீதான் நடுவில் புகுந்தாய். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அந்தக் கதவுக்கு உள்ளே நீ, வெளியே நான். நான் ஜெபமாலை உருட்டுவதைப் பார்த்து, “இன்னா சிஸ்டரம்மா, ஜெபம் எனக்கும் சேத்துத்தானே?” என்று கிண்டல் செய்துவிட்டுப் போவாய்.

சாப்பிடும்போது நான் விடமாட்டேன். உயிர் கடவுள் கொடுப்பது, வயிற்றில் தங்கிய நாளிலிருந்தே அது ஓர் ஆள், அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார் என்று பேசிக்கொண்டே இருப்பேன். நீ எதிர்த்துப் பேசியதில்லை. “நீ சொல்லு, கேட்டுக்கினுதான் இருக்கறேன். சோத்த ஆற வுடாத” என்பாய். நீ அலுத்துப்போய்க் கேட்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

பிறகு என் முறை வந்தது. என் இரண்டாவது குழந்தைக்கு மண்டை ஓடு மூடவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. பிறந்தாலும் நிற்காது, இப்போதே எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாய். அப்புறம் ஒரு நாள் துணி மாற்றும் அறையில் வைத்து வெடித்தாய்.

“அந்த மாதிரி கொழந்தைய நானும் பாத்திருக்கறேன், நீயும் பாத்திருக்கற. மிச்ச மாசத்த எப்பிடிடி சொமப்ப?”

“நாளைக்கி இருக்காதுன்னா, இன்னிக்கி இல்லன்னு ஆயிடுமா?” என்றேன். நீ வெளியே போய்விட்டாய்.

நான் தைரியசாலி என்று எங்கள் பங்குக் கோயிலில் எல்லோரும் சொன்னார்கள். உனக்குத்தான் தெரியும், நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். திருச்சபை சொல்கிறதே என்பதற்காக மட்டும் நான் சுமக்கவில்லை. அது உதைத்தது. உதைக்கிற ஒன்றைப் பார்த்து நீ போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் நீ டிபன் பாக்ஸில் கோயில் இட்லி கொண்டுவந்தாய். “பிரசாதம் இல்லடி, கடைல வாங்கனதுதான். பயப்படாம துன்னு” என்றாய். அன்றோடு உன் கோபம் தீர்ந்தது. பஸ்ஸில் யாராவது என் வயிற்றைப் பார்த்து எத்தனாவது மாசம் என்று விசாரித்தால், நான் வாய் திறப்பதற்குள் நீயே பதில் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய்.

ஏழாம் மாதம் என் வீட்டில் வளைகாப்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நிற்காத பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நீ கண்ணாடி வளையல் வாங்கிவந்து டியூட்டி அறையிலேயே என் இரண்டு கையிலும் அடுக்கினாய். “இருக்கற வரைக்கும் சத்தம் கேக்கட்டும்” என்றாய். நான் அழுத அழுகைக்கு டாக்டரம்மாவே ஓடிவந்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்று உனக்குச் சொல்லித்தந்தேன். சாகக் கிடக்கும் குழந்தைக்கு, குருவானவர் வந்து சேர முடியாவிட்டால், யாரும் கொடுக்கலாம். கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொன்னால் போதும், திருச்சபை நினைப்பதை நினைத்துக்கொண்டு செய்தால் போதும். உன்னால் நம்பவே முடியவில்லை. “நான் ஊத்தனா உங்க சாமி ஒத்துப்பாரா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாய்.

மத்தியானத்தில் பிறந்தாள். என் வீட்டுக்காரர் ஃபாதரை அழைத்துவர ஓடியிருந்தார். அவள் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. நீ டம்ளரில் தண்ணீரோடு அவள் பக்கத்தில் நின்றாய்.

“தலைல ஊத்தணும்னு சொன்னியே. எங்கடி ஊத்தறது?”

உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. நெற்றியில் ஊற்று என்றேன். நான் சொல்லிவைத்திருந்த ஆக்னஸ் என்ற பெயரைச் சொல்லி, ஒரு வார்த்தை பிசகாமல், மூன்று முறை ஊற்றினாய். ஊற்றி முடித்த கையோடு, எப்போதும் இடுப்பில் செருகி வைத்திருக்கும் பொட்டலத்தைப் பிரித்து அந்த ஈர நெற்றியில் திருநீறு பூசிவிட்டாய். பூசிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று என் காலைப் பிடித்துக்கொண்டாய். கை பழக்கத்தில் போய்விட்டது என்று உனக்குச் சொல்லக்கூட வரவில்லை.

ஃபாதர் வந்தபோது அவள் போயிருந்தாள். தண்ணீர் ஊற்றினாயா, வார்த்தைகளைச் சொன்னாயா என்று உன்னிடம் கேட்டார். சொன்னேன் என்றாய். “அப்ப சரிதான்மா” என்றார். திருநீற்றைத் துடைக்கவில்லை. அதன் மேலேயே கட்டைவிரலால் சிலுவை வரைந்தார். அப்படியேதான் அவளை அடக்கம் செய்தோம்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நீயும் வந்தாய். சின்னக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, நான் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொஞ்சம் தள்ளி மண்ணில் நட்டு ஏற்றினாய். இது யாருக்கு என்று கேட்டேன்.

“எனக்கும் ஒண்ணு இருந்துதுடி. இங்க வேலைக்கி சேர்றதுக்கு முந்தி. பொண்ணு கைக்கொழந்த, அவரு காமாலைல படுத்துக்கினு கெடக்கறாரு. போய் எடுத்துக்கினு வந்துட்டேன். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னாங்க எல்லாரும். எங்கம்மா, அவரு, டாக்டரு. நீ ஒருத்திதான் அது ஒரு ஆளுன்னு சொல்லிக்கினே இருந்த. கேக்கறப்பல்லாம் வலிக்கும். ஆனா நீ நிறுத்திடக் கூடாதுன்னும் இருக்கும்.” சுடர் அணையாமல் கையைக் குவித்தாய். “ஆளுன்னா, ஒரு வத்தி ஏத்தலாமில்ல?”

நான் படித்த ஞானோபதேசத்தில் அதற்குப் பதில் தேடவில்லை. என்ன பெயர் வைத்திருந்தாய் என்று மட்டும் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாய். அதை வெளியே சொல்லி உனக்குப் பழக்கமே இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

உயிரின் புனிதத்தைப் பற்றிப் பங்கில் பெண்கள் கூட்டத்தில் இப்போதும் என்னைத்தான் பேசச் சொல்கிறார்கள். என் நம்பிக்கை மாறவில்லை, அதையேதான் சொல்கிறேன். ஆனால் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், அவர்களில் ஒருத்தி நீயாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு. கூட்டம் கலைந்த பிறகும் போகாமல் நிற்கிறவள் எப்போதும் ஒருத்தி இருப்பாள். அவளோடு பேச நீ இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். எனக்கு உன்னைப்போல் சும்மா பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை, இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்று கல்லறைத் திருநாள். சாயங்காலம் உன் மகள் கல்லறைக்கு வந்தாள். அவளுக்கு அடுத்துப் பிறந்திருக்க வேண்டியது என்று சொல்ல வாயெடுத்தேன். தான் கைக்குழந்தையாக இருந்ததால்தான் என்று அவள் மனசில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? நீயே அவளிடம் சொல்லாததை நான் எந்த உரிமையில் சொல்வது? சொல்லவில்லை. அவள் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து ஆக்னஸுக்கு ஏற்றினாள். இன்னொன்றையும் எடுத்து, அம்மா எங்கே வைப்பாங்க என்று கேட்டாள். இடத்தைக் காட்டினேன். காற்றுக்குக் கை குவித்து, திரி நன்றாகப் பிடிக்கிற வரைக்கும் குனிந்தே இருந்தாள். அவள் குனிந்திருந்தபோது நான் அந்தப் பெயரைச் சொன்னேன்.

“இன்னா ஆன்ட்டி சொன்னீங்க?” என்றாள்.

ஜெபம் என்றேன். அது பொய்யில்லை. ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் நான் மூன்று பெயர்களைச் சொல்கிறேன். என் மகள் பெயர், உன் பெயர், நீ என் காதில் சொன்ன பெயர். அந்த மூன்றாவது பெயரைக் கூப்பிட இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.