இரண்டு அறையும் ஒரு வெப்சைட்டும்

ரத்தோட்டை,
8 நவம்பர் 2009

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

மார்ஜரி எழுதுகிறேன். நானும் உங்கள் அம்மாவும் மாதாவின் தயவில் சுகம். டோஹாவில் வெயில் தணிந்திருக்கும், நீங்களும் நன்றாகத் தூங்குவீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் சந்தோஷச் செய்தி. நம் வெப்சைட் வேலை செய்கிறது! நீங்கள் அனுப்பிய காசில், சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடக் கட்டிய மாடி அறை இரண்டையும் இனி உலகமே பார்க்கலாம். மாத முடிவில் கம்பெனி உங்களிடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறதல்லவா? அதற்கு முன் இந்தக் கடிதம் கிடைக்க வேண்டும் என்று மெழுகுதிரி நேர்ந்திருக்கிறேன். போனில் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள் என்ற பேச்சை எடுத்தாலே அம்மாவுக்குச் சுகமா என்று மாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

போனும் இன்டர்நெட்டும் உள்ள கொமியூனிகேஷன் கடை நுஹ்மான்தான் ஜூம்லா என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். வெப்சைட் நடத்துவதற்கென்று யார் யாரோ சேர்ந்து செய்து, ஊருக்கெல்லாம் இனாமாக விட்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா விடுவாரா? ‘சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்னு கேட்டியா?’ என்றார். கேட்டேன். ‘நீங்க கத்துக்கிட்டு நாலு பேருக்குச் சொல்லிக் குடுங்க அக்கா, அதுதான் கூலி’ என்றார் நுஹ்மான்.

வெப்சைட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு முன்கதவு, எனக்கு மட்டும் ஒரு பின்கதவு. பின்னால் போய் எழுதிச் சேமித்தால் முன்னால் உடனே தெரிகிறது. மெனுவில் ‘அறைகள்’ என்று சேர்த்தேன், வந்து உட்கார்ந்துகொண்டது! நான் போட்ட சத்தத்தில் கடையில் போன் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் அங்கே திறந்து பார்த்துவிட்டு, ‘என்ன புள்ள, ஒரே இங்கிலீஸ் எழுத்தும் கமாவுமா கண்டபடி கெடக்கு’ என்று சிரித்தீர்களே, எனக்கு அழுகையே வந்துவிட்டது. வர மனமில்லாமல் கேலி பண்ணுகிறீர்கள் என்று நினைத்துத்தான் போனை வைத்தேன். பிழை என்னுடையது. அச்சகத்தில் வருஷக்கணக்காகத் திருவிழா நோட்டீஸ் அடித்து, பாமினி எழுத்து என் விரலில் ஊறிக் கிடக்கிறது. அதிலேயே அடித்து அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிட்டேன். பாமினி உள்ள கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது தமிழ், மற்ற இடத்தில் குப்பை. கடைக் கம்ப்யூட்டரிலும் பாமினி இருந்ததால் எனக்கும் நுஹ்மானுக்கும் பிழை விளங்கவே இல்லை. இப்போது எல்லாவற்றையும் யூனிகோடில் முதலிலிருந்து அடித்துவிட்டேன். திறந்து பாருங்கள், டோஹாவிலும் தமிழாகவே தெரியும்.

இன்னும் கேளுங்கள். நேற்று வெப்சைட் வழியாக ஒரு செய்தி வந்தது! வெள்ளவத்தையிலிருந்து லெட்சுமணன் என்பவர். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறாராம், இரண்டு அறையும் வேண்டுமாம். ரிவர்ஸ்டன் மலைக்குப் போக வேனும் தமிழ் பேசும் டிரைவரும் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார். அறைக்குச் சரி என்று எழுதிவிட்டேன். வேனுக்குப் பதில் எழுதவில்லை. நம் வேன் படங்கு போர்த்தி மூடியபடிதானே கிடக்கிறது.

அன்று சண்டைக் காலத்தில் ஆமிக்காரர்கள் வேனோடு உங்களை விசாரணைக்குக் கொண்டுபோய் வைத்திருந்ததை நானும் மறக்கவில்லை. திரும்பி வந்த பிறகு நீங்கள் அந்தச் சாவியைத் தொடவே இல்லை. பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஜீப் சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஜன்னலைச் சாத்துகிறவள் நான். ஆனால் சண்டை முடிந்த பிறகு, பஸ்ஸை நிறுத்திச் சோதனைக்கு இறக்குவது இப்போது குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வேனாக மலைக்குப் போகிறார்கள். ஓட்டுகிறவர்களில் நம் தமிழ் ஆட்களும் இருக்கிறார்கள், நான் வாசலில் நின்று பார்க்கிறேன்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். ‘ரிவர்ஸ்டனுக்கு உங்களை அழைத்துச் செல்பவர் கபிரியேல். இந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும்’ என்று உங்கள் பெயரைப் போட்டு வெப்சைட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஜூம்லாவில் எழுதியதை வெளியிடாமலும் வைத்திருக்கலாம். பக்கத்தின் பெயருக்கு நேரே சிவப்புக் குறி இருக்கும், அதைத் தட்டினால் பச்சையாகும், எல்லாரும் பார்ப்பார்கள். தினமும் போய் அதைத் திறந்து வாசித்துவிட்டு வருகிறேன். தட்டவில்லை. நீங்கள் வந்து உங்கள் விரலால் தட்டுங்கள்.

மாதா உங்களைக் காக்கட்டும். கம்பெனி பேனையை நீட்டும்போது உங்கள் கையையும் அவளே பிடித்துக்கொள்ளட்டும்.

உங்கள்
மார்ஜரி