கொடியில் காய்ந்த பைகள்

14 ஜூலை 1991, ஞாயிறு

இன்று சிரம்பான் டவுனிலிருந்து சுற்றுச்சூழல் சங்கத்து அம்மா ஒருவர் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தார். என் துணிக்கொடியில் தொங்கிய பிளாஸ்டிக் பைகளைப் படம் பிடித்தார்.

"இப்படி வாங்கிக் குவிச்சா பூமி என்னாகும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "குவிக்கலம்மா. ரொட்டி வாங்கின பை. கழுவிக் காயப்போட்டிருக்கேன். மழையில பிள்ளைங்க புத்தகத்தைச் சுத்தணும் லா. உங்க வீட்ல ஒரு பையை எத்தனை தடவ கழுவுவீங்க?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே மறுபடி கேமராவைத் தூக்கினார்.

"விடு லா, படிச்சவங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. பைகளை எல்லாம் உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். இருந்தாலும் முதலில் எடுத்த படம் அந்த அம்மாவிடம் இருக்கிறதே. அதைச் சங்கத்துச் சுவரில் மாட்டி, கீழே குப்பை என்று எழுதுவார்கள். கழுவினவள் ஒருத்தி இருக்கிறாள் என்று யார் எழுதப்போகிறார்கள்?